டெங்கியும் 42 கிலோமீட்டரும்

நெட்டோட்டப் பயிற்சிக்கான அட்டவணைகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. செவ்வாய்க்கிழமை 8 கிலோமீட்டர், வியாழக்கிழமை வேக ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், திங்கட்கிழமை ஓய்வு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் இருக்கும். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் கட்டம் இருக்காது. ஆனால், 16 வாரம், 20 வாரம் என்று நீளும் பயிற்சியில் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்காமல் போவதில்லை.

எனக்கு வந்தது டெங்கி. 20 வாரப் பயிற்சியில் 9 வாரம் முடிந்திருந்தது. போட்டிக்கு 11 வாரம் இருந்தது. அந்த 11 வாரங்களில் நான் தெரிந்துகொண்டவை, நெட்டோட்டத்துக்கு மட்டுமல்லாமல் நாஃபா உடலுறுதித் தேர்வுக்கோ பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கோ தயாராகும் இளையர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மூவர் போட்ட திட்டம்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்கு முன், இரண்டு தோழிகளும் நானும் டிசம்பரில் முழு நெட்டோட்டம் ஓடுவது என்று முடிவு செய்தோம். மூவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பது எங்கள் ஒப்பந்தம். துணைப்பாட வகுப்பு எடுத்துச் சேர்த்த பணத்தில் பதிவுக் கட்டணம் செலுத்தினேன்.

வார இறுதிகளில் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடும் அக்கம்பக்கக் குழு ஒன்றில் சேர்ந்தோம். அங்கு ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். குழுவை வழிநடத்தும் அங்கிள் ஐம்பது வயதைத் தாண்டியவர். ஓடிக்கொண்டே கதை சொல்வார். 1995ல் சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நம் எம். ரமேஷோன் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் நெட்டோட்டத்தை முடித்ததையும், அந்தத் தேசிய சாதனை 2019 வரை யாராலும் முறியடிக்கப்படாமல் இருந்ததையும் அவர் வாயால்தான் முதலில் கேட்டேன்.

நெட்டோட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரமே பின்னர் உலகம் முழுவதற்கும் அளவாக நிலைத்தது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்து பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு கால்கள் திடீரென்று கனக்கும். அதனால்தான் பயிற்சியில் நீண்ட ஓட்டம் வாராவாரம் சிறிது சிறிதாகக் கூடி, போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் 30 கிலோமீட்டரைத் தொட வேண்டும் என்கிறார்கள். எங்கள் அட்டவணையில் உச்ச தூரம் 32 கிலோமீட்டர். ஒன்பதாம் வார ஞாயிற்றுக்கிழமை நாங்கள் 22 கிலோமீட்டர் ஓடியிருந்தோம்.

காய்ச்சல் வந்த வாரம்

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை, நூலகத்தில் இருந்தபோது குளிரத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 39.2 டிகிரி. கால் வலித்தது, 22 கிலோமீட்டர் ஓடியவளுக்கு அது ஆச்சரியமல்ல. ஆனால் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வலித்தன. கண்ணை அசைத்தால் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. ஓட்டத்தால் வரும் வலி ஓடிய தசைகளில்தான் இருக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் போகாது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சிவப்புப் பதாகை ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வட்டாரத்தில் டெங்கிச் சம்பவங்கள் 10 அல்லது அதற்கு மேல் போனால் வைக்கப்படும் பதாகை அது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகமாகக் கடிக்கும். வெயிலுக்குப் பயந்து நம்மில் பலர் ஓடப் போகும் நேரமும் அதுதான்.

மறுநாள் காலை மருந்தகத்துக்குப் போனேன். ரத்தப் பரிசோதனையில் டெங்கி உறுதியானது. மருத்துவர் சொன்னவற்றை அம்மா குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் கூடாது, ஏனென்றால் அவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஓட்டக்காரர்கள் பலர் தசைவலிக்கென்று ஐபுபுரோஃபனைப் பையிலேயே வைத்திருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் நிறையக் குடிக்க வேண்டும். வயிற்றில் கடும் வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுமீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“எப்பம்மா மறுபடி ஓடலாம்னு கேட்டீங்களா?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஓடுறதெல்லாம் அப்புறம். முதல்ல இந்தக் கஞ்சியைக் குடி.”

கழுத்துக்கு மேலா, கீழா?

எல்லா உடல்நலக் குறைவுக்கும் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஓட்டக்காரர்களிடையே ‘கழுத்து விதி’ என்று ஒன்று உண்டு. மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று அறிகுறிகள் கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால், மெதுவாகச் சிறிது தூரம் ஓடிப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் உடல் மோசமானால் திரும்பிவிட வேண்டும். நெஞ்சுச் சளி, உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கினால் ஓட்டம் இல்லை. காய்ச்சல் இருந்தால் எந்த விதியும் தேவையில்லை, ஓடவே கூடாது.

இதற்குக் காரணங்கள் உண்டு. கிருமித்தொற்று இருக்கும்போது உடலை வருத்தினால், சிலருக்கு அந்தத் தொற்று இதயத் தசையில் அழற்சியை ஏற்படுத்தும் அபாயம் கூடுகிறது. அரிதுதான் என்றாலும், இளம் விளையாட்டு வீரர்கள் திடீரென்று சரிந்து விழுவதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. அடுத்தது வெப்பம். ஏற்கெனவே 38 டிகிரிக்கு மேல் இருக்கும் உடல், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடினால் வெளியேற்ற வேண்டிய சூடு இன்னும் கூடும். வயிற்றுப்போக்கால் நீர் இழந்த உடலுக்கு அந்தச் சூட்டை வெளியேற்ற வியர்வையும் போதாது. வெப்பத்தாக்கு வருவதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் வேண்டாம்.

41,000

சனிக்கிழமை மாலை காய்ச்சல் இறங்கியது. வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனால், டெங்கியில் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாளில்தான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கும். மருத்துவர் முன்கூட்டியே அதைச் சொல்லியிருந்ததால், ஞாயிறு அதிகாலை வயிற்றுவலியும் வாந்தியும் வந்ததும் அப்பா டாக்சியை அழைத்துவிட்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 150,000க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை 92,000 இருந்தது. அன்று 41,000. என்னை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள்.

கையில் ஊசி, பக்கத்தில் சொட்டு மருந்துக் கம்பம். கழிவறைக்குப் போய்த் திரும்பும் பத்தடி தூரத்தில் மூச்சு வாங்கியது. அதே நேரத்தில் என் தோழிகள் 24 கிலோமீட்டரை ஓடிக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ‘நீ இல்லாமல் போர் அடிக்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. அதைவிட, இந்த உடல் இனி பழையபடி ஆகுமா என்ற பயம் இருந்தது.

அந்த மூன்று நாளில் டெரி ஃபாக்ஸைப் பற்றி வாசித்தேன். புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா நாட்டு இளையர் அவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு நெட்டோட்டத் தூரம் என்று 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவர் ஓடியதைத்தான் சொல்கிறோம். மருத்துவமனைப் படுக்கையில் எனக்கு வேறொன்று முக்கியமாகப்பட்டது. 1980 செப்டம்பர் 1ஆம் தேதி இருமலும் நெஞ்சுவலியும் தாங்க முடியாமல்போனபோது அவர் ஓட்டத்தை நிறுத்தி, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அப்போது அவருக்கு 22 வயது. என் வயது. அவர் நின்றதை இன்றுவரை யாரும் தோல்வி என்று சொன்னதில்லை.

புதன்கிழமை தட்டணுக்கள் 83,000க்கு ஏறின. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பூச்சியத்திலிருந்து

டெங்கி போன பிறகும் அதன் சோர்வு போவதில்லை. விரிவுரையில் உட்கார்ந்திருக்கவே அலுப்பாக இருந்தது. எம்சியையும் மருத்துவமனைக் கடிதத்தையும் காட்டி இரண்டு ஒப்படைப்புகளுக்குக் கூடுதல் நாள் கேட்டேன், கொடுத்தார்கள். நோயுற்ற மாணவர்களுக்கு இப்படிக் கேட்கும் வழி பெரும்பாலான கல்வி நிலையங்களில் இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்கலாம்.

ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை இயல்பு நிலைக்கு வந்தது. ஓட அல்ல, நடக்க மட்டும் மருத்துவர் அனுமதித்தார். முதல் நாள் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம். இரண்டாம் வாரம் பூங்கா இணைப்புப் பாதையில் அரை மணி நேரம். தாத்தா பாட்டிகள் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

இந்தக் காலத்தில் எனக்கு உதவியது ஓர் எண். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினேன். நோய்க்கு முன் அது 58. வீடு திரும்பிய வாரத்தில் 76. மனம் ‘நான் சரியாகிவிட்டேன்’ என்று சொன்ன நாள்களில்கூட நாடி 70க்குக் கீழே வரவில்லை. உடல் உள்ளுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். தொற்று, தூக்கமின்மை, அளவுமீறிய பயிற்சி எதுவானாலும் காலை நாடி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கடிகாரமோ செயலியோ தேவையில்லை. இரண்டு விரலும் ஒரு நிமிடமும் போதும்.

காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரத்தில் நாடி 63க்கு வந்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக ஓடலாம் என்றார் மருத்துவர். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. முதல் நிமிடத்திலேயே இதயம் நெஞ்சை இடித்தது. ஓடாமல் இருக்கும்போது முதலில் குறைவது ரத்தத்தின் நீர்மப் பகுதி. சில நாளிலேயே குறையத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய உயிர்வாயுவின் அளவும் தெரியும்படி குறைகிறது. ஆனால், பல மாதம் ஓடி வளர்த்த தசையும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. அதனால் திரும்பி வருவது முதன்முதலில் தொடங்கியதைவிட எளிது. இதைத் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

அங்கிள் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். “டைமைப் பார்க்காதம்மா. மூச்சைப் பாரு. பேசிக்கிட்டே ஓட முடியுதா, அது போதும்” என்றார். பேச்சு அறுந்தால் நடை, வந்தால் ஓட்டம். அதுவே எங்கள் அட்டவணை.

ஒத்துவராத கணக்கு

போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடினேன். அன்று தோழிகள் ஓடியது 28. ஓட்டப் பிரிவை மாற்றிக்கொள்ள இன்னும் நான்கு நாள் இருந்தது.

கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 5லிருந்து இரண்டு வாரத்தில் 30க்குப் போக வேண்டும். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் எல்லை. பழைய பயிற்சியை நம்பி அதைக் கொஞ்சம் தளர்த்தினாலும் 14 கிலோமீட்டருக்கு மேல் வரவில்லை. 14ஐ வைத்துக்கொண்டு 42ஐ எட்டலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் ஐந்து வாரத்துக்கு முன் சொட்டு மருந்துக் கம்பத்துடன் நடந்தவள்.

அம்மா இந்தப் போட்டியே வேண்டாம் என்றார். அவருடைய பயம் நியாயமானது; மருத்துவமனையில் மூன்று இரவும் என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். இரண்டு நாள் பேசினோம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “டாக்டர் சொன்னா ஓடு. நீயா சொல்லிக்கிட்டு ஓடாதே.”

மருத்துவரிடம் போனேன். அரை நெட்டோட்டம், நடந்து நடந்து ஓடுவதானால் சரி, அதற்குள் மீண்டும் காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அதுவும் இல்லை என்றார். அன்றிரவே 21.1 கிலோமீட்டர் பிரிவுக்கு மாறினேன்.

தோழிகளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஒருத்தி உடனே, “அப்ப நானும் மாறிடுறேன்டி” என்றாள். வேண்டாம் என்றேன். அவள் 28 கிலோமீட்டர் ஓடிய கால்கள் அவளுடைய உழைப்பு. எனக்காக அதை அவள் பாதியில் விட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை மட்டும் சிறிது மாற்றிக்கொண்டோம்: ஒன்றாகத் தொடங்க முடியாது, முடிக்கும் இடத்தில் ஒன்றாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் 8, 11, 14 என்று ஓடினேன். கடைசி ஞாயிறு மீண்டும் 8. இடையில் ஒரு வியாழக்கிழமை காலை நாடி 72 காட்டியது. அன்று ஓடவில்லை. மறுநாள் மூக்கு ஒழுகியது. இரண்டு நாள் ஓய்வில் அது போய்விட்டது.

டிசம்பர் ஞாயிறு

ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 15ஆம் கிலோமீட்டருக்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு நடை. 2 மணி 46 நிமிடத்தில் முடித்தேன். நோய்க்கு முன் அதே தூரத்தைப் பயிற்சியிலேயே இதைவிட வேகமாக ஓடியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை.

ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு, வாழைப்பழமும் நூறு பிளஸும் வாங்கி வைத்துக்கொண்டு, முடிவுக் கோட்டுக்கு அருகே தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். தோழிகள் இருவரும் 5 மணி 12 நிமிடத்தில் கைகோத்து வந்தார்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். 30ஆம் கிலோமீட்டருக்குப் பிறகு கால் எப்படிக் கனத்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த மாதம் தலை சீவும்போது முடி கொத்துக் கொத்தாக வந்தது. கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பலருக்கு இப்படி ஆகும், பிறகு தானாக வளரும் என்று மருத்துவர் சொன்னார். வளர்ந்துவிட்டது.

டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். வேறொரு வகை இரண்டாவது முறையாக வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். அதனால் என் ஓட்டப் பையில் இப்போது கொசுவிரட்டியும் இருக்கிறது. வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டுகளையும் மூங்கில் கழி செருகும் துளைகளையும் நானே பார்க்கிறேன்.

இந்த ஆண்டு டிசம்பருக்கு மூவரும் மீண்டும் பதிந்துவிட்டோம். இம்முறை அட்டவணையை நாங்களே எழுதினோம். 20 வாரத்துக்குப் பதிலாக 24 வாரம். கூடுதலான அந்த நான்கு வாரத்திலும் எந்தத் தூரமும் எழுதவில்லை. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் எடுத்துக்கொள்வதற்காக அப்படியே விட்டிருக்கிறோம். போன வாரம் முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கையை எடுத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார்.

“அறுபது. போயிட்டு வா.”